பாதையேறிய வண்டி

மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டினர். பழைய மாணவர் என்ற முறையிற் கல்லூரி நினைவுகள் சிலவற்றைத் தருமாறு அவர்கள் கேட்டபொழுது, ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியும் விடுதிச் சோற்றைப் பற்றியும் எம்மினும் நன்றாக எழுதத்தக்கார் பலர் உளர் என்பது எமக்கு உடனே தோன்றிற்று. ஆகவே, நாம் ஒரு வண்டியைப் பற்றி எழுதத் துணிந்தோம். கரும்பச்சை நிறமும் தகரப் பெட்டி போன்ற உருவமும் வாய்ந்த அவ்வண்டி, 1960களில் விளையாட்டுப் போட்டிக் காலங்களிற் பந்தற் கால்களையும் வாங்குகளையும் சுமந்துகொண்டு கல்லூரி வாயிலால் நுழைந்ததை எம் வயதொத்தோர் மறந்திரார். அது இன்றும் ஓடுகின்றது. ‘அது’ என்று சொல்வது சரியோ என்பதுதான் வழக்கு. ஏனெனில் அதன் எஞ்சின் இன்று வேறு. இவ்வழக்கில் எம் குடும்பம் இரண்டு பட்டது. நாமே ஒரு கட்சிக்காரர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றோம்.

வண்டியின் பிறப்பைச் சிறிது கூறவேண்டும். இரண்டாம் உலகப் போரின் பின் இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந் தட்டுப்பாடு இருந்தது. றோவர் மோட்டார்க் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராயிருந்த மோரிஸ் வில்க்ஸ் என்பார், அங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையிற் போரில் எஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்து வேலை கொண்டனர். அதைப் போன்றதொரு வண்டியைத் தாமே செய்தால் என்னவென்று எழுந்த எண்ணமே லாண்ட் றோவர் ஆயிற்று. 1948 ஏப்பிரில் 30 ஆந் திகதி அம்ஸ்ரடாம் நகர்க் கண்காட்சியில் அதை உலகுக்குக் காட்டினர். உருக்குக் கிடையாமையால் உடலை அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்தனர். அடிச்சட்டம் மட்டும் உருக்கு. வறுமையிற் செய்த அந்தச் சூழ்ச்சி எழுபது ஆண்டு கழித்து எமது வாவிக்கரையில் என்ன விளைத்தது என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

எம்முடையது 107 அங்குலச் சில்லிடைத் தூரங் கொண்ட நீண்ட வகை; 1955 இற் செய்யப்பட்டது. பின்புறந் திறந்த பெட்டி, முக்காற் தொன் பாரம் ஏற்றலாம். எஞ்சின் 1,997 கன சென்ரிமீற்றர், பெற்றோலால் இயங்குவது, 52 குதிரைவலு. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949 இல் அமைந்த பின்னர் எம் மாவட்டத்தின் தென்பகுதியிற் காடுகள் வெளியாயின. அளவையாளரும் பொறியியலாளரும் இவ்வகை வண்டிகளிலேயே திரிந்தனர். அம்பாறை அப்பொழுது மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1961 இலேதான் தனி மாவட்டமாயிற்று. எம் தந்தையார் 1962 இல் ஓர் ஏலத்தில் இவ்வண்டியை எடுத்தார். ஊரார் சிரித்தனர். போடியார் ஒருவர் மாட்டுவண்டியை விட்டுச் சீமை வண்டியில் வட்டைக்குப் போவதா என்பது அக்காலத்து நகைச்சுவை. மாரி வந்ததும் சிரிப்பு அடங்கிற்று.

வெளியூர் அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எமது வாவி, நாட்டை இரண்டாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. வீடும் பள்ளியும் கச்சேரியும் எழுவான்கரையில். வயலும் பட்டியும் குளமும் படுவான்கரையில். மட்டக்களப்பான் ஒருவன் உண்ணும் சோறு வாவியைக் கடந்தே வருதல் வேண்டும். கடப்பதற்கு மண்முனைத் துறையில் இருந்தது ‘பாதை’. பாதை என்றால் மற்றையோருக்குத் தெரு. எமக்கோ அது நீரில் மிதக்கும் பலகைத் தளம். அதன்மேல் மாடும் மனிதரும் சைக்கிளும் நெற்சாக்கும் ஒருங்கே ஏறுவர். லாண்ட் றோவர் ஏறும்போது பாதை ஒருபுறஞ் சாய்ந்து, மூதாட்டிமார் மாமாங்கேசுவரரை அழைப்பர். தந்தையார் வண்டியை நடுவில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இறங்கி நின்று வெற்றிலை போடுவார். அவர் அவசரப்பட்டதை நாம் கண்டதில்லை.

இனிக் கல்லூரிக்கு வருவோம். எமக்குப் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர், பற்சில்லுகளின் விகிதத்தைக் கரும்பலகையில் மூன்று நாள் விளக்கியும் வகுப்பு விழிப்பதைக் கண்டு, நாலாம் நாள் தந்தையாரிடம் வண்டியை இரவல் கேட்டனர். வண்டி முற்றத்தில் நின்றது. எஞ்சினின் நான்கு தீப்பொறிச் செருகிகளையும் கழற்றினார். சிறிய செந்நிறத் தலையுள்ள நெம்பை இழுத்துத் தாழ்ந்த வீச்சிலும், பின் முதலாங் கியரிலும் வைத்தார். எமது வகுப்பில் ஆகச் சிறிய பையனை அழைத்து, முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றச் சொன்னார். ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரமுள்ள வண்டி, சோர்ந்த யானைபோல் மெல்ல அசைந்து முன்னே வந்தது! பையன் பயந்து கைப்பிடியை விட்டுவிட்டான். பின்னர்ச் சில்லிற் சோக்குக் கோடு இட்டு எண்ணினோம். கைப்பிடி நாற்பது முறை சுழலச் சில்லு ஒருமுறை சுழன்றது. வண்டி ஏறத்தாழ எட்டு அடி நகர்ந்தது. ‘விசையிற் பெற்றதைத் தூரத்தில் இழந்தாய், இனி இதை மறப்பாயா?’ என்றார் ஆசிரியர். மறக்கவில்லை. அன்று கைப்பிடி சுழற்றிய அப்பையன் யாமே.

1978 நவம்பர் 23 ஆந் திகதி இரவு வீசிய சூறாவளியை எம் நாட்டவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தென்னைகள் தெருவெங்கும் வீழ்ந்து கிடந்த மறுநாட் காலையிற் சங்கிலியும் கோடரியுங் கொண்டு வண்டி புறப்பட்டதையும், அது மூன்று நாள் நிற்கவில்லை என்பதையும் மட்டும் சொல்லிக் கடக்கின்றோம்.

தந்தையார் 1986 இற் காலமானார். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது எம் குடும்பம் சிதறிற்று. தமையனார் இலண்டனுக்கும் நாம் கொழும்புக்குமாகப் போனோம். வண்டி அப்பொழுது படுவான்கரையில், வயல் வாடியில் நின்றது. அதை எம் முல்லைக்காரர் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்பது மெலிந்த சொல். வாவிக்கு அப்பால் எரிபொருள் செல்வதற்குக் கட்டுப்பாடு மிகுந்திருந்த அக்காலத்தில், அவர் அவ்வண்டியை மண்ணெண்ணெயில் ஓட்டி, நோயாளரைத் துறைவரை கொண்டுவந்து விட்டிருக்கின்றார். யாழ்ப்பாணத்திற் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை அவ்வாறு ஓட்டியதைப் பலர் அறிவர். பழைய பெற்றோல் எஞ்சின்கள் கலவையை மிகுதியாக நெருக்குவதில்லை. ஏறத்தாழ ஏழில் ஒன்றாகவே நெருக்கும். ஆதலால் அவை மண்ணெண்ணெயையும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். சிறு போத்திற் பெற்றோலால் எழுப்பிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். ஆனால், எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் உருளைச் சுவர்களிலே வழிந்து மசகெண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் நீர்த்துத் தாங்கிகள் தேயும். எஞ்சின் மெல்ல மெல்லத் தன்னைத் தானே தின்னும். அது முல்லைக்காரருக்குத் தெரியாததன்று. தெரிந்தே ஓட்டினார்.

1990களின் நடுவில் வண்டியை எவரும் கொண்டுபோய்விடாதிருக்க அதை வைக்கோலால் மூடி மறைத்தார். அதன்பின் அவரும் போய்ச் சேர்ந்தார்.

2007 இற் படுவான்கரையிற் போர் ஓய்ந்தது. நாம் வயலைப் பார்க்கச் சென்றது 2012 இல். (ஏன் ஐந்து ஆண்டு தாமதித்தோம் என்று கேட்பீராயின், விடை எமக்குப் பெருமை தருவதன்று.) முல்லைக்காரரின் மனைவியார் எம்மை அடையாளங் கண்டு, உள்ளே சென்று, விபூதிப் பெட்டியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். அவிழ்த்தால், பெருவிரலளவான கபில நிறப் பொருள் ஒன்று. மின்னைச் செருகிகளுக்குப் பகிரும் கருவியின் உள்ளே சுழலும் துண்டு அது. தொழிலாளர் ‘ரோட்டர்’ என்பர். அஃதின்றேல் பெற்றோல் எஞ்சின் எழும்பாது.

‘வண்டிய நாங்க விக்கல்ல மனே. ஆரும் ஓட்டிக்கொண்டு போயிருவாங்க எண்டு அவர் இதக் கழட்டித் தந்தவர். பத்திரமா வெச்சிரிக்கன்’ என்றார் அந்த அம்மையார்.

வண்டியைக் கண்டோம். அலுமினிய உடல் நசுங்கியிருந்ததேயன்றி அழியவில்லை. அடிச்சட்டமோ வாவியின் உப்புக் காற்றாற் பல்லிடுக்குப் போல் அரிக்கப்பட்டிருந்தது. அலுமினியமும் உருக்கும் தொட்டுநிற்கும் இடங்களில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலமே உண்டாகிவிடும். அங்கெல்லாம் அலுமினியம் வெண்பொடியாய் உதிர்ந்தது. உருக்கில்லாக் காலத்தில் வில்க்ஸ் செய்த சூழ்ச்சியின் பயனால் மேலுடல் எஞ்சிற்று. அதே சூழ்ச்சியினால் மூட்டுகள் கெட்டன. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. கைப்பிடியை இட்டு நால்வர் தொங்கியும் அசையவில்லை.

பின்னும் எட்டு ஆண்டு அது அங்கேயே கிடந்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அத்தடை தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ருவரி வரை நீங்கவில்லை. பழைய இரும்புக்கெல்லாம் பொன்விலை வந்தது. பழைய வண்டிகளைச் சேகரிக்குங் கொழும்புச் செல்வர் ஒருவர், எவ்வாறோ செய்தி அறிந்து, ஒரு நல்ல காணி வாங்கத்தக்க தொகையைச் சொல்லியனுப்பினார். அத்தொகையைக் கேட்ட பின்னரே எமக்கு அவ்வண்டியின்மேற் பாசம் பெருகிற்று என்பதை மறைத்துப் பயனில்லை.

தமையனாருடன் தொலைபேசியிற் பேசினோம். விற்பதில்லை என்பதில் இருவரும் ஒன்று, திருத்துவதில் வேறு. அவர் சொன்னது இது: ‘தம்பி, எஞ்சினை மாற்றினால் அது அப்பாவின் வண்டி அல்ல. உருளைகளைக் குடைந்து புது உறை போடலாம். சாமான் இங்கே கிடைக்கும். காசு நான் தருகிறேன்.’ அவர் கூற்றுக்கு ஆதாரமும் இருந்தது. லாண்ட் றோவர் கம்பனியார் தாமே 2016 முதல், தம் ஆதி வண்டிகளைத் தேடியெடுத்து, ஆதியில் இருந்த உறுப்புகளையே கொண்டு புதுப்பித்து விற்கத் தொடங்கினர். நிறம், ஆணி, எஞ்சின் இலக்கம் எல்லாம் அன்றிருந்தவாறே இருக்கும்.

எம் கட்சிக்கும் சாட்சிகள் இருந்தன. மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங் மாவட்டத்திலே, நேபாள எல்லையருகில் மானேபஞ்சாங் என்னும் சிற்றூர் உண்டு. அங்கிருந்து 3,636 மீற்றர் உயரமான சந்தக்பு முடிவரை கல்லும் வளைவுமான பாதையில், தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுச்சென்ற 1950களின் லாண்ட் றோவர்கள் இன்றும் பயணிகளை ஏற்றிப் பிழைப்பு நடத்துகின்றன. அவற்றுட் பலவற்றில் இருப்பது மகிந்திராக் கம்பனியின் டீசல் எஞ்சின். மலேசியாவின் கமரன் மலைநாட்டிற் காய்கறித் தோட்டக்காரரும் பழைய லாண்ட் றோவர்களை இன்னும் விடாது வைத்து வேலை வாங்குகின்றனர். எஞ்சினை மாற்றிய காரணத்தால் அவை நடிப்பு வண்டிகள் என்று எவருஞ் சொல்லார். நாள்தோறும் சேறு பூசுபவை அவையே.

இவ்வளவும் சொன்னபின் நாம் கோயிலையும் இழுத்தோம். திருப்பணி வேண்டிய காலத்திற் பாலஸ்தாபனஞ் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றி, கோபுரத்தை இடித்துச் சுண்ணாம்பு போய்ச் சீமெந்து வந்தபின்னும் அதே கோயில் என்றுதானே கும்பாபிஷேகம் செய்கின்றோம்? தமையனார் சற்றுநேரம் பேசாதிருந்து, ‘மூலவரையும் மாற்றுகிறவனைக் கண்டதில்லை’ என்றார். அடி நன்றாகத்தான் விழுந்தது. எஞ்சின் மூலவரா, கோபுரமா என்பதற்கு எந்த ஆகமத்தில் விடை தேடுவது?

முடிவைச் செய்தது அம்மையாரின் பேரன். இருபத்தைந்து வயது இளைஞர். உழவு இயந்திரம் ஓட்டுபவர். ‘ஐயா, பார்க்கிறதுக்கோ, வேல செய்யவோ?’ என்று ஒரே கேள்வி கேட்டார். அவருடைய பாட்டனார் நோயாளரை ஏற்றிய வண்டியை நாம் கண்காட்சிக்குத் துடைத்து வைப்பது அடுக்குமோ என்று எமக்குத் தோன்றிற்று. டீசல் என்று முடிவாயிற்று. தமையனார் ஆறு மாதம் எம்முடன் பேசவில்லை.

கொழும்பிலே பஞ்சிகாவத்தை என்னுந் தெரு, மோட்டார் வண்டிகளின் மறுபிறவித் தலம். யப்பானிலே கழித்த எஞ்சின்கள் அங்கே குவியல் குவியலாய் வந்து கிடக்கும். இசுசூக் கம்பனியின் 4ஜேபி1 என்னும் எஞ்சின் ஒன்றைத் தெரிந்தோம். 2,771 கன சென்ரிமீற்றர். எண்பது குதிரைவலுவுக்குச் சற்றேறக்குறைய. திருப்புவிசை பழையதினும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மிகுதி. சிறு லொறிகளிற் பழகிய எஞ்சின் ஆதலால் எந்தச் சந்தியிலும் உறுப்புக் கிடைக்கும். இதை நாம் ‘புது எஞ்சின்’ என்று பெருமையாய்ச் சொல்லித் திரிந்தோம்; இதன் வடிவமைப்பு 1980களைச் சேர்ந்தது என்பதை மாணவர் ஒருவர் எடுத்துக் காட்டினார். தம் தகப்பனாருக்கு ஒத்த வயதுடையதைப் புதியது என்கின்றாரே இக்கிழவர் என்று அவர் எண்ணியிருப்பார். எழுபதைக் கடந்தோருக்கு நாற்பது இளமைதான்.

அடிச்சட்டத்திற் பாதிக்கு மேல் புது உருக்கு ஒட்டவேண்டியதாயிற்று. அதில் வியப்பில்லை. வியப்பு, எஞ்சினுக்கும் பழைய கியர்ப்பெட்டிக்கும் இடையிலே போடும் இணைப்புத் தகட்டில் இருந்தது. ஒன்று யப்பானியம், ஒன்று ஆங்கிலேயம், துளைகள் பொருந்தா. நடுவே ஒரு தடித்த தகட்டைக் கடைந்து இரண்டையும் கைகோக்கச் செய்யவேண்டும். எஞ்சினின் சுழல்தண்டின் மையமும் கியர்ப்பெட்டித் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்றல் வேண்டும். மயிரிழை விலகினாலும் தாங்கி கதறும். முதலில் ஒரு கடைசற் பட்டறையிற் செய்வித்த தகடு முந்நூறு கிலோமீற்றருக்குள் தாங்கியை உடைத்தது. இரண்டாம் முறை, வயது முதிர்ந்த பாஸ் ஒருவர், அளவுகோல் முள்ளைச் சுழல்தண்டில் ஏற்றிச் சுற்றிச் சுற்றி இரண்டு நாள் பார்த்து, மூன்றாம் நாள்தான் துளையிட்டார். இரண்டு நாட் கூலியை வீணென்று நாம் வீட்டில் முணுமுணுத்தோம். அத்தகடு இன்றும் அப்படியே இருக்கின்றது.

பிறவற்றைச் சுருக்குவோம். வேகம் கூடியதற்கேற்பத் தடுப்புகளை மாற்றினோம். லொறிக்குரிய மின்கருவிகளை வண்டிக்கு இசைத்தோம். புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவித்தோம். வலிய எஞ்சினுக்குப் பழைய பின்னச்சுத் தண்டு ஈடுகொடாது என்று நூலிற் படித்தும் நம்பவில்லை. வயற் சேற்றிலே, நாம் மற்றவருக்கு வீரங் காட்டிக்கொண்டிருந்த வேளையில், அது ‘டக்’ என்று ஒடிந்தது. லாண்ட் றோவரின் பெருமை என்னவென்றால், ஒடிந்த துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மஞ்சட் தலையுள்ள நெம்பை அழுத்தி, முன்சில்லுகளால் இழுத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். அவ்வாறே சேர்ந்தோம். வட்டையில் நின்றோர் யாவரும் நல்லவர், எவரும் கைதட்டவில்லை.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றதும், யூலை இறுதியிற் பங்கீட்டு முறை வந்து வாகனத்துக்கு வாகனம் வாரப் பங்கு அளந்து கொடுத்ததும் நினைவிருக்கும். லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர் ஓடும் டீசல் எஞ்சின் அவ்வேளையில் எம் கட்சிக்கு நன்றாக வாதாடிற்று. பழைய எஞ்சின் ஆறையே கண்டதில்லை.

ஆயினும் எம் வெற்றியிலே ஒரு முள் இருந்தது. வண்டி முதன்முறை படுவான்கரைக்குத் திரும்பிய நாளில் அம்மையார் அதைச் சுற்றிவந்து, தேங்காய் உடைத்து, பின் எம்மிடம் மெதுவாகக் கேட்டார்: ‘நான் தந்த அந்தச் சாமான் எங்க மனே பூட்டியிரிக்கி?’

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டா. காற்றை ஏறத்தாழப் பதினெட்டில் ஒன்றாய் நெருக்க, அச்சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். செருகி இல்லை, மின்பகிர் கருவி இல்லை; ஆகவே ரோட்டருக்கு இடமும் இல்லை. இதை அம்மையாருக்கு எப்படிச் சொல்வது? பதினைந்து ஆண்டுக்கு மேல் விபூதியோடு வைத்துக் காத்த பொருளை, நாம் ஒரு பொறியியற் காரணத்தால் வெறுந் துண்டாக்கிவிட்டோம். ‘உள்ளுக்க இரிக்கி’ என்று பொய் சொன்னோம். அவர் தலையசைத்தார். அப்பொய் எம்மை உறங்கவிடவில்லை.

2023 தையில் தமையனார் வந்தார். வண்டியில் ஏறி, சுக்கானைப் பிடித்து, நெடுநேரம் முன்னே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இறங்கும்போது ‘பழையது எங்கே?’ என்றார். கொட்டிலிற் சாக்கால் மூடி வைத்திருந்ததைக் காட்டினோம். ரோட்டரின் கதையையும், எமது பொய்யையும், அவரிடம் அன்றுதான் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. ‘காசு தருகிறேன் என்றேனே, அதை இதற்கு எடு’ என்றார்.

2013 முதல் உயர்தர வகுப்புகளிற் தொழினுட்பத் துறை என்று ஒன்று நடைபெறுவதை அனைவரும் அறிவீர். அதில் பயிலும் எம் கல்லூரி மாணவர் சிலர், ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், அப்பழைய எஞ்சினை எட்டு மாதஞ் சிறிது சிறிதாகப் பிரித்து, இறுகிய ஆடுதண்டுகளை எண்ணெயில் ஊறவைத்துத் தட்டியெடுத்து, துரு நீக்கி, ஓர் இரும்புத் தாங்கியில் நிறுத்தினர். ஒரு பக்கத்தை வெட்டி உள்ளுறுப்புத் தெரியுமாறு செய்தனர். உட்கொள்ளும் வாயில் மேலேயும் வெளிவிடும் வாயில் பக்கத்திலேயும் இருக்கும் அந்த விசித்திர அமைப்பை இன்றைய மாணவர் வேறெங்கும் காணமாட்டார். அதன் மின்பகிர் கருவியின் உள்ளே, தனக்குரிய இடத்தில், அந்த ரோட்டர் இருக்கின்றது.

அம்மையாரை அழைத்துவந்து காட்டினோம். பொய் சொன்னதையும் சொன்னோம். கைப்பிடியை ஒரு மாணவன் சுழற்ற, ரோட்டர் சுற்றுவதைக் குனிந்து பார்த்தார். ‘இது ஓடுமா?’ என்றார். ஓடாது என்றோம். ‘சுத்துதுதானே’ என்று சொல்லி, முந்தானையால் அதன்மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

2024 நவம்பர் இறுதியிற் கிழக்கெங்கும் பெருவெள்ளம். நாம் விதைப்புப் பார்க்கப் போய் வாடியிலேயே அகப்பட்டுக்கொண்டோம். அவ்வாரத்தில், நவம்பர் 26 ஆந் திகதி, காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரப் பெட்டி ஒன்றை வெள்ளம் அடித்துச் செல்ல, அதில் வந்த மாணவர் பலர் உயிரிழந்தனர். அச்செய்தியை வானொலியிற் கேட்ட மறுநாள் மாலை, அயல் வீட்டுச் சிறுவன் ஒருவனைப் பாம்பு தீண்டிற்று. பன்னிரண்டு வயது. வெள்ளத்துக்குப் பயந்து பாம்புகளெல்லாம் மேட்டுக்கு ஏறியிருந்தன.

பேரன் வண்டியை எடுத்தார். சிறுவனும் தகப்பனும் பின்பெட்டியில், நாம் முன்னே. முக்காற் கட்டை தூரத்திற் சப்பாத்துப் பாலம். அதன்மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் முழந்தாளுக்குச் சற்று மேல். ‘ஏத்திருவன் ஐயா. டீசல்தானே, தண்ணி பட்டாலும் நிக்காது’ என்றார் பேரன். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாமே. தீப்பொறி இல்லாத எஞ்சின் நனைந்து நிற்பதில்லை என்பது உண்மை. ஆனாற் காற்றுக்குழலால் நீர் உள்ளே போனால் அதை நெருக்க இயலாது ஆடுகோல் வளைந்துபோகும் என்பதும் உண்மை. அதனினும் பெரிய உண்மை, ஓடும் நீருக்கு வண்டியின் எஞ்சின் எதுவென்பது ஒரு பொருட்டன்று என்பது. அலுமினிய உடல் கனமற்றது. தகப்பன் பின்னாலிருந்து எம்மையே பார்த்தான். கிறுக்கச் சொன்னோம்.

அம்முடிவு சரியோ தவறோ என்று, அடுத்த ஒன்றரை மணித்தியாலமும் எமக்குத் தெரியாது. வாய்க்காற் கரையால் போகும் களிமண் தடம் ஒன்று உண்டு. மாரியில் எவரும் போகார். செந்நிற நெம்பை இழுத்து, தாழ்ந்த வீச்சில், முதலாங் கியரில் ஊர்ந்தோம். நாற்பது சுற்றுக்கு ஒரு சுற்று. ஒருபக்கம் வாய்க்கால், மறுபக்கம் கடல்போல் வயல். இருமுறை வழுக்கிப் பக்கவாட்டில் நின்றது, இருமுறையும் எழும்பிற்று. சிறுவனின் கண்ணிமை சோர்ந்து வருவதாகத் தகப்பன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். சப்பாத்துப் பாலத்தில் ஏறியிருந்தால் இந்நேரம் சேர்ந்திருப்போமே என்று நாம் எண்ணாத நொடியில்லை. கொக்கட்டிச்சோலைத் தெருவை அடைந்து, மண்முனைக்கு வந்தபோது இருட்டிவிட்டது.

அங்கே இப்பொழுது பாதை இல்லை. 2014 ஏப்பிரிலில் யப்பான் நாட்டு உதவியுடன் கட்டிய பாலம் திறக்கப்பட்டது; அன்றுமுதற் பலகைத் தளத்துக்கு ஓய்வு. தந்தையார் வெற்றிலை போட்டுக்கொண்டு அரைமணி நேரங் கடந்த நீரை இரண்டு நிமிடத்திற் கடந்தோம். போதனா வைத்தியசாலையில் மருந்தேற்றினர். நான்காம் நாட் சிறுவன் எழுந்து கஞ்சி கேட்டதாகச் செய்தி வந்தது.

வெள்ளம் வடிந்தபின் வண்டியைக் கழுவும்போது, பின்பெட்டியின் மூலையிற் சேற்றுக்குள் ஒற்றைச் செருப்புக் கிடந்தது. எடுத்து வைத்திருந்தோம். தை பிறப்பதற்கு முன் சிறுவன் தகப்பனோடு வந்து அதைப் பெற்றுக்கொண்டான். மற்றைச் செருப்பு வெள்ளத்தோடு போய்விட்டதாம். அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அந்தச் சிவப்பு நெம்பு எதற்கென்று கேட்டான். ‘வா, பள்ளிக்கூடத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது, அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு கேள்’ என்றோம். பங்குனியில் அழைத்துச் செல்வதாக ஒப்பந்தம்.